பூனையின் நகமும் வளர்ப்பவரின் பொறுப்பும்

தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் அமைந்த மூலனூர், மழை குறைந்த கொங்கு மேட்டு நிலத்து ஊர்களுள் ஒன்று. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் சுற்றுவட்டாரப் பருத்தி மூட்டைகள் ஏலத்துக்கு வந்து சேர்கின்றன. பருத்திக் கொட்டையைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பூனை வரும். பருத்தி வைத்திருக்கும் வீட்டில் பூனைக்கு ஒரு மூலை கிடைத்தது அதனால்தான். அதே பகுதியில் இன்று பின்னலாடைத் தொழிலின் கூலித் தையலும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. மூட்டையைக் காத்த பூனையின் நகம் இப்போது துணியில் மாட்டுகிறது.

அவ்வூர் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் வீட்டில் கூலிக்குப் பனியன் தைக்கிறார்கள். வெட்டி அடுக்கிய துணிக்கட்டின் மேல் வீட்டுப் பூனை ஏறிப் பிறாண்டிவிடுகிறது. நெய்த துணியில் ஓர் இழை அறுந்தால் அவ்விடத்தோடு நின்றுவிடும். பின்னல் துணியிலோ ஒரு கண்ணி அறுந்தால் இழுக்க இழுக்க ஓட்டை பெரிதாகும். அந்தத் துண்டு கழிக்கப்படும். அதன் விலை கூலியில் பிடிக்கப்படும். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர், அங்கே பூனையின் நகங்களை அறுவை செய்து அடியோடு எடுத்துவிடுவதுண்டு என்று கூறினாராம். "பூனையைத் துரத்த மனம் வரவில்லை, நட்டத்தையும் தாங்க முடியவில்லை. நகத்தை எடுத்துவிட மார்க்கத்தில் இடமுண்டா?" என்பது அன்பரின் கேள்வி.

சிறிய கேள்விதான். ஆனால் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது வயிற்றுப் பிரச்சினை. பூனைக்கோ அது வாழ்நாள் முழுமைக்குமான பிரச்சினை. இரண்டையும் மனத்தில் கொண்டு, நம் முன்னோர் இத்தகைய வழக்குகளை எவ்வாறு தீர்த்தனர் என்பதை வரலாற்றின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகம் களைதல் என்பது யாது?

பெயரைக் கேட்பவர், நாம் நம் நகத்தை வெட்டிக்கொள்வது போன்ற ஒன்று என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. பூனையின் நகம் அதன் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. நகம் மீண்டும் முளைக்காதிருக்க வேண்டுமாயின் அந்த எலும்பையே எடுத்தாக வேண்டும். மனிதரில் இதற்கு நிகரானது, ஒவ்வொரு விரலையும் கடைசிக் கணுவோடு துண்டிப்பதாகும். பூனைக்கு முன்கால் ஒன்றுக்கு 5, பின்கால் ஒன்றுக்கு 4 என 18 விரல்கள் உள்ளன. பெரும்பாலும் முன்கால்களின் 10 விரல்களில் இவ்வறுவை செய்யப்படுகிறது.

இவ்வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பூனையை வீட்டை விட்டு வெளியே விடாமல் வளர்க்கும் முறை பெருகியபோது, வட அமெரிக்காவில் பரவியது. ஆதலால் நம் பழைய ஃபிக்ஹு நூல்களில் இதற்குத் தனித் தலைப்பைத் தேடுவது வீண். ஒப்புமை கொண்டே தீர்ப்பை அறிய வேண்டும்.

அறுவையின் விளைவுகள் குறித்து மருத்துவ உலகம் இன்று அறிந்திருப்பது ஏராளம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நகம் களையப்பட்ட 137 பூனைகளையும் களையப்படாத 137 பூனைகளையும் ஒப்பிட்டது. முன்னவற்றில் முதுகு வலியும், கடிக்கும் இயல்பும், உரிய இடத்தை விட்டு வேறிடத்தில் மலசலம் கழிக்கும் பழக்கமும் மிகுந்திருந்தன. அவற்றுள் 63 விழுக்காட்டுப் பூனைகளின் பாதங்களில் முழுமையாக அகற்றப்படாத எலும்புத் துணுக்குகள் காணப்பட்டன. துணியைக் காக்க நகத்தை எடுத்தவர், அதே துணியின் மேல் பூனை சிறுநீர் கழிப்பதைக் காண நேரிடலாம் என்பதே இதன் பொருள்.

வீட்டைச் சுற்றி வருவோர்

பூனைக்கும் இஸ்லாமியப் பண்பாட்டுக்கும் உள்ள உறவைப் பேசும்போது, பலரும் முஅஸ்ஸா என்னும் பூனையின் கதையைச் சொல்வர். தம் ஆடையின் மேல் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபி (ஸல்) அவர்கள் ஆடையின் அப்பகுதியை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்பது அக்கதை. அழகிய கதைதான், ஆயினும் நம்பகமான ஹதீஸ் தொகுப்புகளில் அதற்கு ஆதாரமில்லை. சட்டத்தைக் கதையின் மேல் கட்டலாகாது. உறுதியான அறிவிப்புகளே நமக்குப் போதுமானவை.

அபூ கத்தாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்ய, அவர்களுடைய மருமகள் கப்ஷா (ரலி) தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு பூனை குடிக்க வந்தது. அபூ கத்தாதா (ரலி) பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அதைக் குடிக்கச் செய்தார்கள். கப்ஷா (ரலி) வியந்து நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருவோரைச் சேர்ந்தது என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது. சுற்றி வருவோர் என்பதற்கு அரபியில் ஆளப்பட்ட சொல், வீட்டில் இங்குமங்கும் சென்று வரும் பணியாளரையும் குறிப்பது. வீட்டுக்குள் தடையின்றி உலவும் உரிமை பூனைக்கு இச்சொல்லால் கிடைத்துவிட்டது.

மற்றோர் அறிவிப்பு புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்தாள், அதற்கு உணவும் அளிக்கவில்லை, தானே பூமியின் சிற்றுயிர்களைத் தின்று பிழைக்க விடுவிக்கவும் இல்லை, பூனை இறந்தது, அதன் பொருட்டு அவள் வேதனைக்கு உள்ளானாள். இந்நபிமொழியைப் பலரும் பசியின் கோணத்திலேயே விளக்குவர். அதில் மற்றொரு நுட்பமும் உண்டு. வளர்ப்பவருக்கு அது இரண்டு வழிகளைக் காட்டுகிறது: ஒன்று, உணவளிப்பது, மற்றொன்று, தானே உணவு தேடிக்கொள்ளுமாறு விட்டுவிடுவது. நகம் இழந்த பூனைக்கு இரண்டாவது வழி நிரந்தரமாக அடைபட்டுவிடுகிறது. அது வேட்டையாட இயலாது. தெருநாய் துரத்தினால் மரமேறித் தப்பவும் இயலாது. வளர்ப்பவர் இறந்தாலோ, ஊர் மாறினாலோ, மனம் மாறினாலோ அதற்கு வேறு கதியில்லை. அடைத்து வைத்த கதவையேனும் பின்னர் திறக்கலாம். அறுத்த விரலை மீண்டும் ஒட்ட முடியாது.

நட்டம் யாரைச் சாரும்?

கூலியில் பிடித்தம் என்னும் நட்டத்தை நாம் புறக்கணிக்கவில்லை. வளர்ப்புயிர் செய்த சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது மிகப் பழைய வழக்கு. திருக்குர்ஆன் (21:78-79) அதைக் குறிப்பிடுகிறது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் ஒருவருடைய விளைநிலத்தில் புகுந்து மேய்ந்துவிட்டன. வழக்கு தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகியோரிடம் வந்தது. விரிவுரையாளர்கள் தரும் விளக்கத்தின்படி, ஆடுகளை நிலத்துக்காரருக்கு ஈடாகக் கொடுக்கத் தாவூத் (அலை) தீர்ப்பளித்தார்கள். சுலைமான் (அலை) வேறொன்று கூறினார்கள்: ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்; அதுவரை ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்கலாம். இரு தீர்ப்புகளும் வேறுபட்டவை. ஆயினும் இரண்டுமே உடைமையாளரைப் பொறுப்பாக்கின. இரண்டிலும் ஆட்டின் உடலுக்கு ஒரு கேடும் விதிக்கப்படவில்லை.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் இதே போன்றதொரு வழக்கு எழுந்தது. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் பெண்ணொட்டகம் ஒருவரின் தோட்டத்தில் நுழைந்து சேதம் விளைவித்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை, இரவில் கால்நடையைக் காப்பது அதன் உடைமையாளர் கடமை என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். இரண்டு மனிதருக்கிடையே காவல் பங்கிடப்பட்டது. ஒட்டகம் குற்றவாளியாக நிறுத்தப்படவில்லை.

இம்மரபின் தொடர்ச்சியாகவே ஹிஜ்ரீ 620இல் (கி.பி. 1223) மறைந்த இப்னு குதாமா (ரஹ்), தம் அல்முக்னீ நூலில் பூனையைப் பற்றியும் பேசுகிறார். பிறருடைய கோழிக்குஞ்சுகளைத் தின்னும் பழக்கமுள்ள பூனையை ஒருவர் வளர்ப்பாராயின், அது செய்யும் நட்டத்துக்கு அவரே ஈடு செய்ய வேண்டும். அத்தகைய பழக்கமில்லாத பூனை எதிர்பாராது செய்துவிட்டதற்கு அவர் பொறுப்பாகார். பழக்கத்தை அறிந்தும் காவாதிருந்ததே இங்குக் குற்றமாகக் கொள்ளப்படுகிறது.

கொங்கு நாட்டு உழவர்க்கு இது புதிய செய்தியன்று. காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை வேலியை உயிர்வேலியாக வளர்த்திருப்பதைக் காணலாம். கால்நடை உள்ளே மேயவும், வெளியே உள்ள வெள்ளாமையைத் தொடாதிருக்கவும் அவ்வேலி உதவுகிறது. ஆடு பயிரை மேய்ந்துவிடும் என்பதற்காக ஆட்டின் பல்லைப் பிடுங்கிய உழவர் எவருமிலர். வேலி வளரப் பல ஆண்டுகள் ஆகும். பல்லைப் பிடுங்க ஒரு நாழிகை போதும். இருப்பினும் அவர்கள் வேலியையே தேர்ந்தனர்.

மறுதரப்பின் சான்றுகள்

எதிர்த் தரப்புக்கும் வலுவான சான்றுகள் உண்டு. அவற்றை மறைத்துத் தீர்ப்புக் கூறுவது அறிவு நேர்மையாகாது. விலங்குகளின் உடலில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது என்று நம் சட்ட வல்லுநர்கள் கூறவில்லை. ஸகாத் ஒட்டகங்களுக்கு நபி (ஸல்) அவர்களே தம் கையால் அடையாளச் சூடு இட்டதை அனஸ் (ரலி) கண்டதாக அறிவிப்பு உள்ளது. முகத்தில் சூடிடுவதை மட்டும் அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள்.

கொங்கு நாடு உள்ளிட்ட உள்நாட்டுப் பகுதிகளில் வாழும் இராவுத்தர்கள் ஹனஃபீ மத்ஹபைச் சார்ந்தோர். அம்மத்ஹபின் பெருந்தொகுப்பான ஃபதாவா ஆலம்கீரீ, ஒளரங்கசீப் ஆட்சியில் 17ஆம் நூற்றாண்டில் உருவானது. பயன் கருதியோ கேட்டைத் தடுக்கவோ பூனைக்குக் காயடிப்பதில் தவறில்லை என்று அது கூறுகிறது. இன்னும் ஒருபடி சென்று, தொல்லை தரும் பூனையை அடிக்கக் கூடாது, அதன் காதைத் திருகக் கூடாது, வேண்டுமாயின் கூரிய கத்தியால் அறுத்துவிடலாம் என்றும் ஹனஃபீ நூல்கள் கூறுகின்றன. கொல்லவே அனுமதி இருக்கையில், கொல்லாமல் நகத்தை மட்டும் எடுப்பது அதைவிடக் குறைந்ததன்றோ என்று ஒருவர் வாதிடலாம்.

இவ்வாதம் முதற்பார்வையில் வலுவானது. ஆனால் அந்தச் சட்டக் கூற்றை முழுமையாக நோக்க வேண்டும். காதைத் திருகுவது கொலையைவிட மிகச் சிறிய செயல். அதையே அவர்கள் தடுத்துள்ளனர். உயிரை விரைவில் முடிப்பதும் உயிரோடு வைத்து வதைப்பதும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை என்பது இதனால் புலனாகும். வேறு வழியற்ற நிலையில் வரும் இறுதி அனுமதி முன்னது. பின்னதற்கு அனுமதியே இல்லை. காதைத் திருகுதல் கூடாதெனில் 10 விரல்களைக் கணுவோடு அறுத்தல் எவ்வாறு கூடும்?

காயடித்தலோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. ஷாஃபிஈ அறிஞர்கள் உண்ணத்தகாத விலங்குகளுக்கு அதையும் மறுத்துள்ளனர் என்பது ஒருபுறமிருக்க, அனுமதித்தோரும் பயனையும் கேட்டையும் எடையிட்டே அனுமதித்தனர். கருத்தடை செய்யப்பட்ட பூனை நடக்கவும், ஏறவும், இரை பிடிக்கவும், தன்னைக் காத்துக்கொள்ளவும் முன்போலவே இயலும். அநாதைக் குட்டிகள் பெருகிப் பட்டினியால் மடிவது குறையும். நகம் களைவதில் பூனைக்குக் கிடைக்கும் நன்மை ஒன்றுமில்லை. நன்மை முழுவதும் துணிக்கே. அந்நன்மையையும் வேறு எளிய வழியில் பெற இயலும்.

விலங்கை உருக்குலைப்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸும், அல்லாஹ்வின் படைப்பை மாற்றத் தூண்டுவதாக ஷைத்தான் சூளுரைத்ததைக் கூறும் இறைவசனமும் (4:119) இங்கு நினைவுகூரத்தக்கவை. தேவையும் நன்மையும் உள்ள இடங்களுக்கு அறிஞர்கள் விலக்களித்தனர். மாற்று வழி இருக்கும் இடத்துக்கு அவ்விலக்கு நீளாது.

உரிமை என்னும் சொல்

ஹிஜ்ரீ 660இல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்த இஸ்ஸுத்தீன் பின் அப்திஸ்ஸலாம் (ரஹ்), கவாயிதுல் அஹ்காம் என்னும் தம் நூலில் மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார். நோயாலோ முதுமையாலோ பயனற்றுப் போன விலங்குக்கும் உணவளிக்க வேண்டும். தாங்க இயலாத சுமையை ஏற்றக் கூடாது. அதற்கு ஊறு செய்யும் மற்றொன்றோடு சேர்த்து அடைக்கக் கூடாது. இவை அவ்வரிசையில் அடங்கும். இரக்கம் என்று சொல்லி நிறுத்தாமல் உரிமை என்று அவர் கூறியது கருதத்தக்கது. இரக்கம் மனநிலையைப் பொறுத்தது. உரிமையோ நட்ட காலத்திலும் மாறாதது.

அவர் மறைந்தபோது கெய்ரோவை ஆண்டவர் சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260-1277). போர்க்களங்களில் பெயர் பெற்ற அவர், நகரின் வடக்கே தம் பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நன்மைக்கென விட்டுச் சென்றார் என்பது எகிப்தியர் வழங்கும் செய்தி. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கெய்ரோவில் தங்கியிருந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் இதைப் பதிவு செய்துள்ளார். காலப்போக்கில் தோட்டம் கைமாறி, ஆண்டுக்கு 15 பியாஸ்தர் என்னும் பெயரளவு வாடகையே எஞ்சியது. இருந்தும் அஸ்ர் நேரத்தில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு இறைச்சிக் கழிவு போடும் வழக்கம் நிற்கவில்லை; செலவில் பெரும்பகுதியைக் காழீயே ஏற்றார் என்கிறார் லேன். வருவாய் போனபின்னும் கடமை போகவில்லை என்பதே இதில் நாம் காணும் பாடம்.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கிய மரபும் இதற்கு அயலானதன்று. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்றே ஒரு படலம் உண்டு. வேடன் வலையில் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வரச் செல்லும் பொருட்டு, நபி (ஸல்) அவர்கள் தாமே பிணை நிற்கும் நிகழ்ச்சி அதில் பாடப்பெறுகிறது. விலங்குக்காக மனிதர் பொறுப்பேற்றல் என்னும் கருத்தை நம் முன்னோர் காப்பியமாகவே கேட்டு வளர்ந்தனர்.

இன்றைய சட்டங்கள்

உலக நாடுகளின் சட்டங்களும் மெல்ல இதே முடிவை நோக்கி வந்துள்ளன. 1987இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உருவான வளர்ப்பு விலங்குகள் பாதுகாப்புக்கான ஐரோப்பிய உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி நகம் களைதலைத் தடை செய்தது. இவ்வழக்கம் வேரூன்றிய அமெரிக்காவிலேயே 2003இல் மேற்கு ஹாலிவுட் நகரமும், 2019இல் நியூயார்க் மாநிலமும் தடை விதித்தன. கனடாவின் பல மாகாணங்களும் அவ்வாறே செய்துள்ளன. உறவினர் கூறிய அந்நாட்டு வழக்கம் அந்நாட்டிலேயே விலகி வருகிறது.

இந்தியாவில் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு விலங்கை உருக்குலைத்தலைக் குற்றமாக்குகிறது. மாட்டின் கொம்பு நீக்கல், காயடித்தல், சூடிடல், மூக்கணாங்கயிறு குத்தல் ஆகியவற்றை உரிய முறையில் செய்வதற்கு மட்டும் அது விலக்களிக்கிறது. பூனையின் நகம் அப்பட்டியலில் இல்லை. முதற் குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த தண்டம் 10 முதல் 50 ரூபாய். இத்தண்டத்துக்கு அஞ்சி எவரும் விலகப் போவதில்லை. இறையச்சமே இங்குக் காவல்.

முடிவாக

மூலனூர் அன்பருக்கு நம் விடை இது. விரலோடு நகத்தை எடுப்பதற்கு மார்க்க மரபில் நாம் இடம் காணவில்லை. விரலில் புற்றுக்கட்டி போன்ற நோய் கண்டு, பூனையின் நலத்துக்காகவே மருத்துவர் அவ்விரலை எடுப்பது வேறு. நகத்தின் கூரிய நுனியை மட்டும் வெட்டுவதில் தடையில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு நிற உயிர்ப்பகுதியைத் தொடாமல், ஒளி ஊடுருவும் வெண்மையான நுனியை மட்டும் நறுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருமுறை காட்டிக் கொடுத்தால் வீட்டாரே செய்துகொள்ளலாம்.

பூனை பிறாண்டுவது பகையால் அன்று. நகத்தின் பழைய உறையைக் கழிக்கவும், உடலை நீட்டி முறுக்கெடுக்கவும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாசனையால் தன் இடத்தை அடையாளமிடவும் அது பிறாண்டுகிறது. பிறாண்ட ஓரிடம் கொடுத்தால் வேறிடம் தேடுவது குறையும். பூனை எழுந்து நின்று நீட்டும் அளவு உயரமுள்ள, ஆடாத ஒரு கட்டையில் தேங்காய் நார்க்கயிற்றை இறுகச் சுற்றி, அது உறங்கும் இடத்துக்கு அருகே நிறுத்தலாம். பழைய சணல் சாக்கும் உதவும். துணிக்கட்டுகளை மூடியுள்ள பெட்டியிலோ கதவுள்ள அறையிலோ வைக்க வேண்டும். அதற்குச் செலவாகும், இடநெருக்கடியும் ஏற்படும். கூலி வீட்டில் ஓர் அறையை ஒதுக்குவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். இவையெல்லாம் செய்தும் நட்டம் தொடருமாயின், பூனையை நன்கு பேணும் மற்றொரு வீட்டாரிடம் ஒப்படைக்கலாம். சந்தையிலோ சாலையோரத்திலோ விட்டுவிட்டு வருவது ஒப்படைத்தல் ஆகாது.

கெய்ரோவின் காழீ தோட்டத்தின் வருவாய் வற்றியபின் தம் பணத்தைச் செலவிட்டார். கொங்கு உழவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிளுவை வேலி வளர்த்தார். துணிக்கட்டுக்குக் கதவிடுவதும் அவ்வரிசையைச் சேர்ந்த செயலே. பூனையை வீட்டுக்குள் ஏற்றவர் நாம். அதன் நகத்தையும் அறிந்தே ஏற்றோம். காவல் நம்முடையது.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.